பொட்டின் கலர்

எதையாவது பார்த்துக்கொண்டே இராவிட்டால் லேப்டாப் கேமராவுக்குத் தலை வெடித்துவிடும். ஆனால் ஆன்லைன் வகுப்பின் முதல் நாளே செல்லக்கனி அதன் கண்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டாள். கேமரா ஓடினால்தான் அட்டெண்டன்ஸ் என்று சார் சொல்லியிருந்ததால், ஓடவிட்டே மூடிவைத்தாள்.

“நீ என்ன கலர்?” என்று கேமரா பொட்டைக் கேட்டது. “எனக்கு உன் முதுகுப் பசைதான் தெரியுது.”

“அதுவா இப்ப முக்கியம்? பேசாம பாடத்தைக் கேளு.”

“அவ ஏன் என்னை மூடினா?”

“பின்னாடி கொடியில துணி காயுது. அதை யாரும் பார்த்துடக் கூடாதாம்.”

அன்று சார் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, “யாருக்காவது புரியலையா?” என்றார். ஒரு சத்தமும் இல்லை.

“இவளுக்குப் புரிஞ்சுதா?” கேமரா விடவில்லை.

“எங்கே! அழிச்சு அழிச்சுப் பேப்பரே கிழிஞ்சுபோச்சு. பாவம், கையைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கா.”

“கையையா? அது யாருக்குத் தெரியும்?”



“சரி, அப்ப அடுத்த பாடம்,” என்றார் சார்.

பொட்டு பிடியை விட்டது. மேசைமேல் விழுந்தது.

கேமராவுக்குக் கண் கூசியது. கொடி, ஈரத்துணி, நடுவில் தூக்கிய ஒரு கை.

“செல்லக்கனியா? சொல்லும்மா, எங்கே புரியல?”

அவள் பதறிப்போய்ப் பொட்டைத் தேடி எடுத்தாள். விரல் கேமராவின் அருகே வந்தது. மறுபடி இருட்டுதான் என்று கேமரா நினைத்தது. விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு செல்லக்கனி பொட்டைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, மைக்கைத் திறந்தாள்.

“மூணாவது வரியில, சார்.”

“அட, நீ மெரூன் கலரா!” என்றது கேமரா.