எட்டும் உயரம்

மேலகரத்துச் சம்பந்தி வீட்டுக்கு மந்திரமூர்த்தி ஆசாரி வெறுங்கையோடு போகவில்லை. மகளின் மாமியார் சங்கரம்மாள் கேட்டனுப்பியிருந்த சுவர் அலமாரியைத் தோளில் சுமந்து போனார். யுத்த காலத் தட்டுப்பாட்டில் ஆணி கிடைக்காததால் மூங்கில் முளை அடித்தே பலகைகளைச் சேர்த்திருந்தார். சாரலில் மரம் உப்பும் என்று கதவை மயிரிழை குறைத்து இழைத்திருந்தார்.

அடுப்படியில் இறக்கி வைத்துவிட்டு, “எந்த உயரத்துல மாட்டணும் தங்கச்சி?” என்றார்.

“உங்க மகளையே நிப்பாட்டி அளந்துக்கிடுங்க அண்ணாச்சி. ஏட்டி குழலி, சொவரோரமா நின்னு கையைத் தூக்கு.”

மருமகளின் கைக்குத் தோதாக அலமாரி மாட்டச் சொல்கிற மாமியார் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆசாரிக்கு மனசு குளிர்ந்துபோனது.

குழல்வாய்மொழி கையைத் தூக்கினாள். கல்யாணத்தன்று எண்ணெய் தடவியும் ஏற மறுத்த வளையல்கள், மளமளவென்று முழங்கைக்குச் சரிந்தன.

“நல்லா எக்கி நில்லு” என்றாள் சங்கரம்மாள்.

எக்கினாள். விரல்நுனி தொட்ட இடத்தில் ஆசாரி கரிக்கோடு போட்டார்.

“இதுக்குக் கீழ மாட்டினா அவளுக்கு எட்டும்.”

“எட்டவா அளக்கச் சொன்னேன்? கோட்டுக்கு மேல ஒரு சாண் தள்ளி மாட்டுங்க, என் ஒசரத்துக்கு எட்டினாப் போதும். சோத்துச் சட்டியை எங்கன வச்சாலும் இவ எடுத்துத் திங்குதா.”

ஆசாரி மகளைப் பார்த்தார். அவள் தலை நிமிராமல், அப்பா ஏறி நிற்பதற்காக முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அவர் கல்யாணச் சீராகச் செய்து கொடுத்த முக்காலி.

“மாட்டி முடிச்சதும் அதை உங்க வீட்டுக்கே கொண்டுபோயிருங்க அண்ணாச்சி” என்றாள் சங்கரம்மாள்.