உலகத்திலேயே ஒரே கார்

"உலகத்துலயே இது ஒண்ணுதாம்பா இருக்குது. அந்தக் காலத்துல வெளிநாட்டுக் கண்காட்சிக்குன்னே செஞ்சது" என்று ஸ்டியரிங்கைத் தடவினார் டிரைவர் சிட்டிபாபு.

தன் மாப்பிள்ளை அழைப்புக்கு அடம்பிடித்து அந்தக் காரை வரவழைத்த விமல்ராஜுக்குத் தலைகால் புரியவில்லை. கார் அன்னம்போல் நகர்ந்தது.

"சத்தமே இல்லையேண்ணே!"

"இதுல வராதுபா. நேரா பாத்து சிரி, போட்டோ எடுக்கறாங்க."

மண்டபத்து மேட்டில் கார் நின்றுவிட்டது. விமல்ராஜ் திரும்பிப் பார்த்தான். பின்னால் மச்சான்கள் மூவரும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இன்ஜின்?"

"கண்காட்சில சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்குன்னு வெக்கவே இல்லபா. பொண்ணு வூட்டுக்காரங்க தள்றதுதான் முறைன்னு சொல்லி வெச்சிட்டேன்."

"அடப்பாவி!"

"இந்த ஊர்ல கோயில் பெருமாள் வரதரையே ஆளுங்கதான் தோள்ல தூக்கினு போறாங்க. உனக்கு இன்ஜின் கேக்குதா?"