இன்னும் நாலு ஓட்டம்

பாரிஸில், லா ஷப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில், தொலைபேசிக் கூண்டுக்குள் குணநாயகம் நிற்கிறான். எண்பத்து நாலாம் ஆண்டு, பங்குனி மாத மதியம். கண்ணாடியெங்கும் அவன் மூச்சு படிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில், மைதானத்துக்குப் பக்கத்துக் கடையிலிருந்து மச்சான் சொல்லிக்கொண்டிருந்த கிரிக்கெட் ஆட்டம் காசு தீர்ந்து அறுந்துவிட்டது. ஒரே ஊரின் இரண்டு கல்லூரிகள், வருடத்துக்கு ஒரு மோதல். அவனுடைய கல்லூரிக்கு இன்னும் நாலு ஓட்டம் வேண்டும். கையில் ஒரே விக்கெட். கதவைத் தள்ளப்போனவனை, வரிசையில் நிற்கும் கோசலை அக்கா இடுக்கு வழியாகத் தடுக்கிறாள். “தம்பி, போனை வைக்காதை. பொலிஸ் நிண்டு பேப்பர் பாக்கிறாங்கள். கதைச்சுக்கொண்டே நில்.” அவனிடம் வதிவிட அனுமதிப் பேப்பர் இல்லை. நீலத் தொப்பிகள் இரண்டு கண்ணாடிக்கு அப்பால் அசைகின்றன. வெறுமனே இரையும் ரிசீவரைக் காதோடு அழுத்துகிறான். வேறெதுவும் வாயில் வரவில்லை. விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தை அவனே சொல்லத் தொடங்குகிறான். “ஓம் மச்சான்... ஓடி வாறான்... போட்டிட்டான்... தடுத்திட்டான்.” தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ஓடுகிறது, கூண்டு நடுங்குகிறது. ஒரு தொப்பி அவன் பக்கம் திரும்பி அப்படியே நிற்கிறது. அடுத்த பந்து மட்டைக்கு நேரே, மெதுவாக, ஆசை காட்டிக்கொண்டு வருகிறது. பள்ளிக்காலம் முழுக்க இந்த நாலு ஓட்டத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் அவன். அடித்தால் வெற்றி, வெற்றி என்றால் ஆட்டம் முடிந்தது, போனை வைக்க வேண்டும். “அடிக்கேல்லை மச்சான்,” என்கிறான், குரல் உடைய. “கீப்பரிட்டை விட்டிட்டான்.”