கோட்டு மாட்ட இடம்

"விமானம் நிறைஞ்சு போச்சு, கண்ணு. ஜம்ப் சீட் ஒண்ணுதான் பாக்கி. அதுல உன் பேரைப் போட்டு வைக்கிறேன்," என்றாள் மார்லா.

ஆங்கரேஜ் விமான நிலையத்தில் மினியாபொலிஸ் போகும் வாசலுக்கு அவள்தான் பொறுப்பு.

டெலியா ஆங்காசனுக்கு உயிர் வந்தது. ஜம்ப் சீட் என்பது விமானிகளுக்குப் பின்னால், காக்பிட்டுக்குள்ளேயே மடக்கிப் போடும் ஒற்றை இருக்கை. எந்தக் கம்பெனி விமானியும் கேப்டனின் அனுமதியோடு அதில் ஓசியில் போகலாம். சாயவும் முடியாது, கால் நீட்டவும் முடியாது. ஓசிப் பயணத்துக்கு உரிய தண்டனை அதிலேயே சேர்ந்திருக்கிறது.

"நாளைக்குக் காலைல இன்டர்வியூ. இதை விட்டா வேற விமானம் இல்லை, மார்லா. பனியில எல்லாம் ரத்து."

"எங்க கம்பெனிக்குத்தானே வர்றே? ஜம்முனு போயிட்டு வா."

டெலியா கையில் ஹேங்கரோடு ஒரு கறுப்புக் கோட்டு. இஸ்திரி மடிப்புக் கலையாமல், கைக்குழந்தை மாதிரி அதைத் தூக்கி வைத்திருந்தாள்.

அப்போதுதான் கேப்டன் பிரென்டிஸ் வந்தார். நரைத்த தலை, தோளில் நான்கு பட்டை. மார்லாவின் கம்பெனியில் மூத்த விமானி; ஆனால் இன்றைக்கு இந்த விமானத்தை ஓட்டுவது அவர் இல்லை. சிரித்துப் பார்த்தவர்கள் கிடையாது.

"ஜம்ப் சீட்ல யாரு?"

"நான்தான், சார். டில்லிங்ஹாம்ல சின்ன விமானம் ஓட்டறேன். நாளைக்கு உங்க கம்பெனியில இன்டர்வியூ."

"எந்த வழியா வந்தே?"

விமானிகள் சந்தித்தால் கேட்கும் முதல் கேள்வி அது. விமானப்படை என்றால் ஒரு தலையசைப்பு. பேர்போன பயிற்சிக்கூடம் என்றால் இன்னொன்று. மற்றதற்கெல்லாம் 'ஓ' என்று ஓரெழுத்தில் ஒரு பதில் உண்டு.

"முதல்ல புதுசா வர்றவங்களுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் கிராமத்துத் தபால் விமானம். முட்டை, டயப்பர், மருந்து, சமயத்துல பனிவண்டி இழுக்கிற நாய்ங்க."

"ஓ," என்றார் கேப்டன். "நாய்ங்க."

"பயணிகளை விட நாய்ங்க மேல், சார். வாந்தி எடுத்தாலும் குறை சொல்லாது."

அவர் சிரிக்கவில்லை. "பெரிய கம்பெனியே புது ஆளுங்களை ஆரம்பத்துல இருந்து தத்தெடுத்து வளர்க்கிற திட்டம் இருக்கே. அதுல ஏன் சேரலை?"

"இடம் கிடைச்சுது. வேண்டாம்னுட்டேன்."

"வேண்டாம்னியா!"

"சேர்ந்தா உடனே தெற்கே போகணும். அந்தக் குளிர்காலம் எங்க பக்கம் பறக்க ஆளில்லை, சார். தபால் விமானம் வரலைன்னா சர்க்கரை நோய்க்காரங்களுக்கு இன்சுலினும் வராது. பெரிய ஜெட் எங்கயும் ஓடிப் போயிடாது, அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

"அப்புறம்னா வரிசையில பின்னாலன்னு தெரியும்ல?"

தெரியாமல் என்ன? இந்தத் தொழிலில் வயதுக்கும் மரியாதை இல்லை, திறமைக்கும் இல்லை. கம்பெனியில் சேர்ந்த தேதிதான் ஜாதகம். எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பது யார் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும்.

"தெரியும், சார்."

"வருத்தம் உண்டா?"

டெலியா தலையை நிமிர்த்தினாள். "இன்னைக்கு வரைக்கும் இல்லை."

கேப்டனின் பார்வை அவள் முகத்திலிருந்து கோட்டுக்கு இறங்கியது.

"இதை எங்க மாட்டுவே?"

"மடியில வச்சுக்குவேன்."

"ஜம்ப் சீட்ல முழங்காலே மடிக்குள்ள இருக்கும். மார்லா, ஜம்ப் சீட்டை நான் எடுத்துக்கறேன்."

மார்லாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கேப்டன், உங்களுக்குத்தான்..."

"சொந்தக் கம்பெனி விமானி கேட்டா வெளி ஆள் விலகணும். விதி தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப மாத்து."

கவுண்டரில் குனிந்து மார்லாவிடம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் விமானத்துக்குள் போய்விட்டார்.

டெலியா ஜன்னலோரம் போய் நின்றாள். நாய்களைச் சொல்லியிருக்கக் கூடாதோ? திட்டத்தில் சேர்ந்திருந்தால் இந்நேரம் தானும் ஒரு 'சொந்தக் கம்பெனி விமானி'. விதியைக் காட்டி யாரையாவது விலக்கிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் அந்தக் குளிர்காலத்தை நினைத்தாள். ஓடுபாதையோரம் ஸ்னோமொபைலில் காத்திருந்த முகங்களை நினைத்தாள். இல்லை. இப்போதும் வருத்தம் வரவில்லை. வந்தது கோபம்தான்.

நாளை வர முடியாது என்று சொல்லிவிட இன்டர்வியூ அலுவலகத்தின் எண்ணைத் தேடினாள்.

"ஏய் டெலியா! போனை வை. ஓடி வா, கதவைச் சாத்தணும்!"

மார்லா ஒரு போர்டிங் கார்டை நீட்டினாள். முதல் வகுப்பு. ஜன்னலோரம்.

"நிறைஞ்சு போச்சுன்னியே! இது யார் சீட்?"

"அவரோடதுதான். நாளைக்கு அங்கேயிருந்து விமானம் ஓட்டணும்னு கம்பெனியே போட்டுக் கொடுத்தது. உனக்குக் கொடுத்துட்டு அவர் ஜம்ப் சீட்ல முட்டி மடக்கி உக்காந்திருக்காரு."

டெலியா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எதுக்கு? நான்தான் ஜம்ப் சீட்லயே போயிருப்பேனே!"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'முதல் வகுப்புலதான் கோட்டு மாட்ட அலமாரி இருக்கு. நம்ம கம்பெனி விமானி கசங்கின கோட்டோட வந்து நிக்கக் கூடாது'ன்னார்."