சீட்டு உயரம்

என் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம் என்று அப்பா சொன்னதுமே மாப்பிள்ளையின் அம்மா போனில் கேட்டுவிட்டார்: "கடை உயரமா, சீட்டு உயரமா?"

கடையில் விற்கும் வளர்ச்சிப் பொடியைத் தின்று வளர்ந்தவர்களுக்கு நாற்பது வயதில் முட்டி போய்விடுகிறது. டாக்டர் சீட்டோடு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தப் பயமில்லை. அதனால் இப்போது ஜாதகத்தோடு சீட்டையும் கேட்கிறார்கள்.

"ரெண்டும் இல்லீங்க. அவ அம்மா மாதிரி தானா வளர்ந்தவ," என்றார் அப்பா.

"எல்லாரும் இதைத்தாங்க சொல்றாங்க." போனை வைத்துவிட்டார். எனக்கு அது நான்காவது வரன்.

அப்பா தெரிந்த டாக்டர் ஒருவரைப் பிடித்தார். அவர் பழைய தேதி போட்டு எழுதிக் கொடுத்தார்: பரம்பரைக் குள்ளம், எட்டு வருட ஊசி.

ஐந்தாவது வரன் நேரில் வந்தது. என்னைவிட உயரமான அம்மாவை, எழுந்து நிற்கவே கூடாது என்று அப்பா எச்சரித்து வைத்திருந்தார். சீட்டைப் படித்த மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தைத் தடவினார். "பாவம், ஊசி மட்டும் இல்லேன்னா எவ்ளோ குட்டையா இருந்திருப்பே!"

கையை எடுக்காமலே என் அம்மாவிடம் திரும்பினார். "வாங்க சம்பந்தி, சேர்ந்து நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

அம்மா பதறிப்போய் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "முட்டி வலிங்க, நிக்க முடியாது."

கன்னத்திலிருந்த கை விலகியது.

"நீங்க எந்தக் கடையில வாங்குனீங்க?"