திரையின் கீழ் ஓரம்

அப்பா டிவியைப் பார்க்கவில்லை. டிவியின் கீழ் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்டலின் மதுக்கடையில் ஊரே கூடியிருந்தது. எங்கள் ஊர்த் தீயணைப்புக் குழுவுக்குப் புது வண்டி வந்த விழாவை, பக்கத்து நகரமான சோபோட்டாவின் சின்னச் சேனல் காட்டப்போகிறது. குழுத் தலைவர் என்பதால் அப்பாவும் பேசியிருக்கிறார்.

நாங்கள் பேசுவதும் ஸ்லோவேனிய மொழிதான். மூரா ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனால் யாருக்கும் புரியாது, அவ்வளவுதான்.

எட்டு வருடத்துக்கு முன்பு வெள்ளம் வந்தபோது தலைநகர்ச் சேனல் ஒன்று வந்தது. பதினோரு பேரைப் படகில் மீட்டவர் என்று அப்பாவைப் பேசவைத்தது. ஒளிபரப்பானபோது அவர் வாய்க்குக் கீழே வரிவரியாக எழுத்து ஓடியது. சொந்த நாட்டில் சொந்த மொழி பேசிய மனிதருக்கு மொழிபெயர்ப்பு!

அன்றிலிருந்து அப்பா வாயைத் திறந்தாலே போதும், அவருடைய கூட்டாளி கேசா ஒற்றை விரலால் காற்றில் எழுதிக்கொண்டே போவார். கடையே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார்.

ஆனால் ஆற்றைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனால், எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்டுவாரே தவிர ஒரு வார்த்தை பேச மாட்டார். கூடப் போகும் மகள் நான்தான் பேச வேண்டும்.

திரையில் அப்பா வந்தார். கேசாவின் விரல் தயாராக எழுந்தது.

அப்பா பேசினார். கீழே ஒன்றும் வரவில்லை. இன்னும் பேசினார். சீருடைப் பொத்தான்கள்தான் தெரிந்தன.

"என்ன கால்மான், எழுதுறவன் தூங்கிட்டானா?" என்று கேசா அப்பாவைக் கேட்டார். விரல் அந்தரத்தில் நின்றது.

அடுத்து, தலைநகரிலிருந்து வந்திருந்த அதிகாரி மைக்கைப் பிடித்தார். இஸ்திரி போட்ட மொழி. முதல் வாக்கியம் முடிவதற்குள் அவருடைய டைக்குக் கீழே வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின.

அத்தனையும் எங்கள் பேச்சில்.

கூரை பிய்ந்துபோகிற அளவுக்குச் சத்தம். வெண்டல் கேட்காமலே எல்லோருக்கும் ஊற்றினார். கேசா தன் விரலைத் தானே கடித்துக்கொண்டு அழுதார். அறுபத்தெட்டு வயது அப்பா நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

"அன்னிக்கு எனக்குக் கீழ எழுதினவன் கை வெளங்காமப் போவட்டும்னு சொன்னேன். இன்னிக்கு எழுதினவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா!"

நானும் சேர்ந்து கைதட்டினேன். தலைநகரில் ஏதோ ஆபீஸ் வேலை பார்த்தேன், அதை விட்டுவிட்டுப் போன மாதம் சோபோட்டாவில் இன்னொரு ஆபீஸில் சேர்ந்தேன் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

அன்றைக்கும் இன்றைக்கும் எழுதியது ஒரே கைதான் என்று நான் சொல்லவில்லை.

அந்தக் கையைத்தான் நீட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு அப்பா நாற்காலியிலிருந்து இறங்கினார்.