ஒரே சிப்புக்கு இரண்டு பெயர்

“அந்தப் பழைய நிரலை இன்னிக்கே அழிச்சிடுவீங்கதானே?” என்று திரையிலிருந்து கேட்டார் லைட்னர்.

வியன்னாக்காரர். பல்கேரியாவின் புளோவ்திவ் ஊரிலுள்ள மிளகாய்த் தொக்கு ஆலையை அவருடைய கம்பெனி வாங்கி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

முற்றத்தில் சிவப்புக் குடைமிளகாய் மலையாய்க் குவிந்திருந்தது. உச்சியில் பனி விழுந்ததை நேரில் பார்த்ததாக அடுப்பு மேஸ்திரி மெத்தோடி சத்தியம் செய்வான்.

அடுப்பை நடத்துவது ஜாவா மொழியில் எழுதிய நிரல். அது எந்தக் கணினிக்குள்ளும் மாமியார் வீட்டு மாப்பிள்ளை போல நுழைந்துவிடும். ஆனால் மிளகாய்த் தோல் பதமாய்க் கருகும் நொடியை அறிய, ஆலையின் நிரல்காரி ஸ்லாத்கா சி மொழியில் எழுதிய பழைய நிரலைக் கூப்பிட வேண்டும். அந்தப் பழைய நிரலோ பிடிவாதக்காரி. சிப் மாறினால் வேலைக்கு வராது.

வியன்னா புதுச் சிப் வைத்த கணினியை அனுப்பியிருந்தது. அதற்கேற்ப ஸ்லாத்கா தன் நிரலை மறுபடி கம்பைல் செய்து வைத்தும், ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்று ஜாவா கையை விரித்தது. அடுப்பு அணைந்து கிடந்தது.

அதற்குப் பதிலாக லைட்னர் கொடுத்தது தக்காளிச் சாஸ் நிரல். அது தோலைக் கருகவிடாது. கருகாத மிளகாயில் செய்த தொக்கை புளோவ்திவ் நாய்கூட வக்கீலைக் கேட்டுத்தான் நக்கும்.

ஸ்லாத்கா அவர் கண்ணைப் பார்த்து, தலையை மேலும் கீழும் அழுத்தமாக ஆட்டினாள்.

“நல்லது” என்று லைட்னர் திரையை அணைத்தார்.

மெத்தோடி சிரித்துக்கொண்டே அடுப்பைத் துடைக்கப் போனான்.

அவள் நிரலைத் தேடிப் போனாள். அது ‘ஆர்ம்64’ என்ற கோப்புறையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஜாவாவோ அதே சிப்பை ‘ஏஆர்ச்64’ என்றுதான் அழைக்கும். அந்தப் பெயர்ப்பலகை மாட்டிய கதவைத்தான் தட்டும்.

பலகையை மாற்றினாள். அடுப்பு பிடித்துக்கொண்டது. கருகல் வாசனை வியன்னாவரை போயிருக்க வேண்டும்; லைட்னர் உடனே திரையில் வந்துவிட்டார்.

“அழிக்கிறேன்னு தலையாட்டினீங்களே?”

“ஆட்டினேன். பல்கேரியாவுல அப்படி ஆட்டினா ‘மாட்டேன்’னு அர்த்தம். தலையாட்டல் ஒண்ணுதான் சார், அந்தச் சிப்பு மாதிரி ஊருக்கு ஒரு பேரு.”

இப்போதாவது அழிப்பாளா என்று லைட்னர் கேட்டார்.

ஸ்லாத்கா மிக மரியாதையாக, தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.